பௌலிங் பந்து எங்கே வளையும் என்பதை எது தீர்மானிக்கிறது?

முதல் பந்து வாங்கப் போகிறவர்கள் பந்தின் உள்ளே இருக்கும் கோரின் (எடைக் கட்டியின்) வடிவத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். விளம்பரப் படங்களும் அதையே காட்டுகின்றன. நீங்கள் மேலோட்டிலிருந்து, அதாவது பந்தின் வெளி உறையிலிருந்து, தொடங்குங்கள். ஹூக்கை, அதாவது பந்து வளைவதை, பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

படி 1: லேனைப் படியுங்கள்

லேன் என்பது பந்து உருளும் தடம். வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. குறுக்கே 39 பலகைகள். வழக்கமான கூடங்களில் எண்ணெய் ஏறத்தாழ 40 அடி வரை பூசப்பட்டிருக்கும். நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. எண்ணெயில் பந்து வழுக்கும், உராய்வு கிடைத்ததும் வளையும், கடைசியில் நேராக உருளும். பின்களைத் தொடும்போது பந்து இந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்திருந்தால்தான் அடியில் வலு இருக்கும். பக்கவாட்டுச் சுழற்சியை உங்கள் கைதான் தர வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பந்தும் வளையாது.

படி 2: மேலோட்டைத் தேர்ந்தெடுங்கள்

பாலியெஸ்டர் பந்து ஏறக்குறைய நேராகவே போகும். யூரித்தேன் சீக்கிரமே பிடித்து, மெதுவாக, சீராக வளையும். ரியாக்டிவ் ரெசினின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சுவதால், உலர்ந்த பகுதியில் அது அழுத்தமாகப் பிடிக்கிறது. இதிலேயே சாலிட் வகை முன்னதாகவும், பேர்ல் வகை தாமதமாகவும் கூர்மையாகவும் திரும்பும். ஹைபிரிட் இரண்டுக்கும் இடைப்பட்டது. வழக்கமான கூடத்தில் தொடங்குபவருக்கு ஹைபிரிட்டையே நான் சொல்வேன்.

படி 3: மேற்பரப்பின் சொரசொரப்பைப் பாருங்கள்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பந்தைத் தேய்க்கும் அப்ராலான் வட்டுகளில் 500, 1000, 2000, 4000 என்று எண்கள் இருக்கும். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 1000 வட்டால் தேய்த்த பந்து எண்ணெயிலேயே கொஞ்சம் பிடித்து, முன்கூட்டியே வளையத் தொடங்கும். அதே பந்துக்குப் பாலிஷ் போட்டால் நெடுந்தூரம் வழுக்கிச் சென்று, கடைசியில் சட்டென்று திரும்பும். பந்து ஒன்றுதான், நடத்தை வேறு. புதுப் பந்துக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். ஆனால் யு.எஸ்.பி.சி. (அமெரிக்க பௌலிங் அமைப்பு) அங்கீகரித்த போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பந்தைத் தேய்க்க அனுமதி இல்லை.

படி 4: பிறகு கோர்

பந்தின் விவரத் தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்.ஜி. (சுழற்சி ஆரம்) குறைவாக இருந்தால் பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும்; விதிப்படி இது 2.46 முதல் 2.80 அங்குலம் வரை இருக்கலாம். டிஃபரென்ஷியல் என்பது பந்தின் அதிகபட்ச, குறைந்தபட்ச ஆர்.ஜி.க்கு இடையிலான வித்தியாசம். அது கூடினால் ஃப்ளேர், அதாவது லேனைத் தொடும் தடம் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் மேல் நகர்வது, கூடும். டிஃபரென்ஷியலின் உச்ச வரம்பு 0.060 அங்குலம்.

ஃப்ளேரைக் கண்ணால் பார்க்கலாம். திரும்பி வந்த பந்தைத் துடைக்காமல் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் ஓரிடத்தில் ஒன்று சேர்ந்து, பிறகு விசிறிபோல் விரிந்திருக்கும். ஒவ்வொரு வளையமும் பந்தின் ஒரு சுற்று. இடைவெளி நன்றாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு லேனைத் தொடுகிறது, பிடிப்பும் குறையாது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் பந்து அதே எண்ணெய்த் தடத்தில் உருளுகிறது என்று பொருள்.

துளையிடும் இடமும் இதை மாற்றும். அதை உங்கள் வீச்சைப் பார்த்த பிறகு துளையிடுபவரே முடிவு செய்யட்டும்.

படி 5: வீசிப் பார்த்துத் திருத்துங்கள்

வலக்கைக்காரர் என்றால் 1ஆம் பின்னுக்கும் (முன்னால் நிற்பது) அதன் வலப்பக்கம் பின்னால் நிற்கும் 3ஆம் பின்னுக்கும் இடையே உள்ள பாக்கெட்டைக் குறி வையுங்கள். பந்து பாக்கெட்டுக்கு வலப்பக்கமாகவே போய்விட்டால் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்குங்கள். சீக்கிரமே வளைந்து, பின்களை அடையும்போது வலுவிழந்தால் மினுமினுப்பைக் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வலது மூலையில் தனியாக நிற்கும் 10ஆம் பின்னுக்கு மட்டும் பாலியெஸ்டர் பந்தை எடுத்து நேராக வீசுங்கள்.