இங்கிலாந்தில் தொடர் மருந்துகளைப் பெறுவது எப்படி?

இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்காக நெடுநாள் மருந்து உட்கொள்வோர், குடும்ப மருத்துவர் அனுமதித்த தொடர் மருந்துகளை ஒவ்வொரு முறையும் அவரைச் சந்திக்காமலே கேட்டுப் பெறலாம். இதற்கு எளிய வழி, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் (NHS) கைபேசிச் செயலியே. அதில் உங்களுக்கு வசதியான மருந்தகத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், மருத்துவர் ஒப்புதல் அளித்ததும் மருந்துச் சீட்டு மின்னணு வழியாக நேரே அங்கே சென்றுவிடும். கைபேசி பழகாத பெற்றோருக்காக, சீட்டின் வலப்பக்கத் தாளில் தேவையான மருந்துகளைக் குறித்து, குடும்ப மருத்துவரின் நிலையத்தில் கொடுக்கும் பழைய முறையும் பல இடங்களில் உண்டு.

ஒப்புதலுக்கும் மருந்தைத் தயார் செய்வதற்கும் சில வேலை நாட்கள் பிடிக்கும் என்பதால், கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளுக்கு முன் இன்னும் முன்கூட்டியே கேட்பது நல்லது. மருந்து திடீரெனத் தீர்ந்துபோனால் என்எச்எஸ்ஸின் 111 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒரு மருந்துக்கான கட்டணம் 2024 மே மாதத்தில் 9.90 பவுண்டாக உயர்ந்தது. 60 வயது நிரம்பியவர்களுக்குக் கட்டணமில்லை. கட்டணம் செலுத்தி மாதந்தோறும் பல மருந்துகள் வாங்குவோருக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்து மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே தொகை கட்டும் முன்பணச் சான்றிதழே சிக்கனமானது. இதைப் பலர் அறியாமலே கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்.

2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, அக்கி, பெண்களின் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே, தகுதியுள்ளோருக்கு, மருத்துவர் சீட்டின்றிச் சிகிச்சை அளிக்கிறார்.

தேவையற்ற மருந்தைக் கேட்காதீர்கள். மருந்தகத்தை விட்டு வெளியே சென்ற மருந்து, பிரிக்கப்படாமல் திரும்பினாலும் அழிக்கப்படும்.