பாறைமேல் டென்ட் போடுவது எப்படி? தாண்டிக்குடியில் பட்டுத் தெரிந்துகொண்டது

பாறையில் டென்ட் முளை இறங்காது. எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இது மண்டையில் ஏறாததால்தான் இரண்டு வருஷம் முன்பு ஒரு தை மாதம், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம், நண்பனின் காப்பித் தோட்டத்துக்கு மேலே உள்ள மொட்டைப் பாறையில், ராத்திரி இரண்டு மணிக்கு டென்ட்டின் ஒரு மூலையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நண்பன் உள்ளே குறட்டை.

அடுத்த முறை சித்திரையில் போனோம். அப்போது காற்று ஒன்றும் செய்யவில்லை, டென்ட் குளத்துக்குள் நின்றது. மூன்றாவது முறை, மார்கழியில், விடியும்வரை தூங்கினேன். அந்த மூன்றாவது முறை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். டென்ட்டின் கம்பிகளை எப்படிக் கோப்பது என்பதெல்லாம் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி

காப்புக்காட்டுக்குள் உங்கள் இஷ்டத்துக்கு நடக்கவும் முடியாது, ராத்திரி தங்கவும் முடியாது. நடக்க மட்டும் ஆசை என்றால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பாதைகள் இருக்கின்றன, தொடங்கியபோது 40. வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி போகும் பாதையும் அதில் ஒன்று. வழிகாட்டியோடு போய் வரலாம். வெள்ளகவிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், அந்த ஊர் வழக்கம் அது. காட்டுத்தீ காலத்தில், அதாவது பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த விஷயத்தில் பேரம் பேசாதீர்கள்.

டென்ட் போட வேண்டுமானால் பட்டா நிலம்தான். தோட்டத்துக்காரரிடம் கேட்டால் மட்டும் போதாது, ரேஞ்சர் ஆபீஸிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “இந்த வாரம் யானை எந்தப் பக்கம்?” தாண்டிக்குடி, கே.சி.பட்டிப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. பலா பழுக்கும் காலமென்றால் அந்தப் பக்கமே டென்ட்டோடு போக வேண்டாம் என்பேன்.

இது எரிமலைப் பாறையா?

கூட வந்த பையன் ஒருவன் கறுத்த பாறையைப் பார்த்ததும் “எரிமலைக் குழம்பு” என்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். இல்லை. எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் நடக்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரிக் கோட்டைகளுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது பசால்ட், அடுக்கடுக்காகப் படி கட்டியதுபோல் நிற்கும். நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்துபோன பிறகு வெளியே வந்த பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை. அந்தக் கல்லை வைத்துத்தான் 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். கல் போனது நம் பல்லாவரம் பக்கத்தில் இருந்து!

கதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயம்போலத் தோல் தோலாக உரியும். மேலே பார்த்தால் ஒரே பாறை, அடியில் ஒரு விரல் இடைவெளி. காலை வைக்கும் முன், கயிறு கட்டும் முன், ஒரு சின்னக் கல்லால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் சரி. காலிப் பானையைத் தட்டியதுபோல் ‘டொப்’ என்றால் அது உரியப் போகிற தோல், விலகிவிடுங்கள்.

பாறையில் நடப்பது

ஏறுவதில் சிரமமில்லை, இறங்கும்போதுதான் வினை. பயத்தில் எல்லோரும் பின்பக்கம் சாய்ந்து, பிட்டத்தைத் தரைக்கு அருகில் கொண்டு போவார்கள். அப்படிச் சாய்ந்தால்தான் கால் வழுக்கும். உடம்பின் பாரம் பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும், உள்ளங்கால் முழுதும் பாறையில் படட்டும், சின்னச் சின்ன அடியாகக் கோணல்மாணலாக இறங்குங்கள். பாறையில் கறுப்பாகக் கோடு இறங்கியிருந்தால் அது தண்ணீர் வழியும் தடம். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மிதிக்காதீர்கள். பாசி மெத்தை பாயைச் சுருட்டியதுபோல் மொத்தமாகக் கழன்று வரும்.

ஷூ பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஐந்தாயிரம் ரூபாய் கனத்த பூட்ஸைவிட, அடிப்பாகம் மெத்தென்ற ரப்பரில் செய்த சாதாரண கேன்வாஸ் ஷூதான் காய்ந்த பாறையில் நன்றாகப் பிடிக்கிறது. சோலைக்குள் அட்டை கடிக்கும் இடத்தில் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இடம் பார்ப்பது: அரை பாட்டில் தண்ணீர்

இதில்தான் சித்திரை மாதத்தில் மாட்டினேன். பாறையின் நடுவே தாம்பாளம்போல் ஒரு பள்ளம். சமமாக இருந்தது, காற்று படவில்லை, அடியில் மெத்தென்று பொடி மணல். ஆகா என்று டென்ட்டைப் போட்டோம். எட்டு மணிக்குக் கோடை மழை இறங்கியது. அந்தப் பொடி மணல் அங்கே எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பாறை மொத்தத்தின் தண்ணீரும் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. மண் தரையாக இருந்தால் பாதித் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், பாறை ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. பத்து நிமிஷத்தில் பாய் மிதந்தது.

இப்போதெல்லாம் டென்ட்டைப் பையிலிருந்து எடுக்கும் முன் அரை பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். டென்ட் வரப்போகும் இடத்துக்கு இரண்டடி மேலே நின்று மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் தண்ணீர் வளைந்து வளைந்து போய், நீங்கள் தலை வைக்க நினைத்த இடத்தில் குட்டையாக நிற்கும். லேசாக மேடாக இருந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடினால் அதுதான் உங்கள் இடம். கொஞ்சம் சரிவு இருந்தால் தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படுங்கள். பொடி மணல், காய்ந்த சருகு, வட்டமாகப் பாசிக் கறை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

பாறையின் உச்சிக்கும் போகாதீர்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். முதல் உறுமல் கேட்டதுமே கீழே தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தனி மரத்தடியும் ஆகாது, பாறைக் குடைவும் ஆகாது.

கயிறு கட்டுவது

வளைகம்பியில் தானாக நிற்கும் குடை மாதிரி டென்ட்தான் பாறைக்கு ஆகும். முளையை நம்பி நிற்கும் மெலிந்த ஒற்றைக் கம்பு டென்ட் எவ்வளவு விலையானாலும் இங்கே உதவாது. தானாக நிற்கும் டென்ட்டையும் காற்று தூக்கும், அதனால் நாலு மூலையிலும் கயிறு வேண்டும்.

முதல் தடவை நான் செய்தது: தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய கல்லை எடுத்து, கயிற்றை நேராக அதில் சுற்றிக் கட்டினேன். மூன்று தப்பு அதில். ஒன்று, கல் கனம் போதவில்லை. இரண்டு, டென்ட்டோடு வந்த நைலான் கயிறு பனியில் நனைந்ததும் நீண்டு தொங்கிவிட்டது. மூன்றாவதுதான் மோசம். காற்று ஆட்ட ஆட்ட, கயிறு கல்லின் விளிம்பில் ரம்பம்போல் உரசி, இரண்டு மணிக்கு அறுந்தது.

இப்போது செய்வது இப்படி. கயிற்றின் நுனியில் சுருக்குப் போட்டு அதில் கைப்பிடி அளவு சின்னக் கல் ஒன்றை மாட்டுங்கள். கயிற்றை டென்ட்டிலிருந்து நீட்டி, அந்தச் சின்னக் கல்லைத் தரையில் வையுங்கள். இப்போது பெரிய கல், பத்துப் பதினைந்து கிலோவாவது இருக்கட்டும், அதைச் சின்னக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் நடுவில், கயிற்றின் மேலேயே வையுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லின் முதுகில் வந்து முட்டி நிற்கும். இழுக்க இழுக்க இறுகுமே தவிர உருவாது. கயிறு தளர்ந்தால் முடிச்சை அவிழ்க்க வேண்டாம், பெரிய கல்லை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

பெரிய கல்லை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம் வந்தது. சின்னக் கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஏன் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று அரைமணி நேரம் முழித்தேன். டென்ட், பெரிய கல், சின்னக் கல். இதுதான் வரிசை. கயிறு பெரிய கல்லைத் தொடும் இடத்தில் ஒரு பழைய துணித் துண்டைச் சுற்றிவிடுங்கள், உரசாது. படுக்கப் போகும் முன் எழுந்து ஒரு சுற்று வந்து நாலு கயிற்றையும் இழுத்துப் பாருங்கள், பனி அதற்குள் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

கல்லைப் புரட்டும்போது அடியில் தேள் இருக்கும், சில சமயம் பாம்பும். கல்லின் அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கிச் சாய்த்தால் வாய் எதிர்ப்பக்கம் திறக்கும், உள்ளே இருப்பது அந்தப் பக்கமாக ஓடிவிடும். காலையில் எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. முதல் தடவை கல் தேடி அலைந்தபோது புதருக்குள் அழகாகப் பலகைபோல் கற்கள் நட்டு நின்றன. ஒன்றை அசைத்துப் பார்த்தேன். தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: “தம்பி, அதுல கை வைக்காதீங்க! அது நமக்கு முந்தினவங்க எடம்.” கல்திட்டை அது. இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்து மக்கள் எழுப்பியது. தாண்டிக்குடியைச் சுற்றிய மலைகளில் நிறைய உண்டு. சுற்றிலும் வட்டமாகவோ வரிசையாகவோ கல் கிடந்தால், சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும் தொடாதீர்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையை வாங்கி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுபோய்விடும்.

படுக்கையும் சோறும்

பாறை சாயங்காலம் சூடாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நடுராத்திரிக்கு மேல் உங்கள் சூட்டை அது உறிஞ்சத் தொடங்கும். காற்று ஊதும் மெத்தை வேண்டாம், ஒரு கல் குத்தினால் முடிந்தது கதை. மடிக்கும் ஃபோம் பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

நெருப்பு மூட்டக் கூடாது. கேஸ் அடுப்பு போதும், அதையும் வெறும் பாறைமேல் வைத்தே எரியுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலில் அதற்கும் கீழே. திறந்த பாத்திரத்தில் அரிசி வைத்தால் வேக ரொம்ப நேரமாகும், கேஸ்தான் வீண். முதல் நாளுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு, அடுத்த நாளுக்கு அவல். வாழைப்பழத்தையும் உப்புப் பொட்டலத்தையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். காட்டுமாடு வந்தால் டார்ச்சை முகத்தில் அடிக்காமல், பேசாமல் உள்ளேயே இருங்கள், மேய்ந்துவிட்டுப் போய்விடும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

“எங்கள் இடத்தில் பெரிய கல்லே இல்லை” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பத்து கிலோ அரிசி வரும் காலிச் சாக்கு நாலு கொண்டுபோங்கள், எடை ஒன்றுமே இல்லை. சரளையோ மண்ணோ நிரப்பி வாயைக் கட்டி, பெரிய கல்லுக்குப் பதில் வையுங்கள். இப்போது நானே கல்லைவிட இதைத்தான் விரும்புகிறேன், தேள் பயம் இல்லை.

காலையில் கேஸ் அடுப்பு மினுக்கு மினுக்கென்று எரிகிறது என்று ஒருவர் எழுதினார். டப்பாவில் இருப்பது பியூட்டேன் என்றால் குளிரில் அப்படித்தான். ராத்திரி அடுப்பிலிருந்து கழற்றி, டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

இ-பாஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போனால் வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் வேண்டாம். தாண்டிக்குடிக்கு வத்தலக்குண்டில் இருந்து பட்டிவீரன்பட்டி வழியாக பஸ் இருக்கிறது. திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் விட்டு, சௌசௌ மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து மினி லாரியில் பட்டிவீரன்பட்டி வந்து சேர்ந்தேன்.