தைத்து ஒட்டும் தோணி: சித்திரை வெயிலில் எபாக்ஸி கலக்கும்போது கவனம்

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் தோணி தயாராக வேண்டும் என்று சித்திரையில் வேலையைத் தொடங்கினேன். தோணி வந்துவிட்டது, ஆனால் முதல் வாரத்திலேயே கணிசமான எபாக்ஸி (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) வீணானது. அந்த இடத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பலகையைத் தைப்பது நமக்குப் புதிதில்லை. சோழமண்டலக் கரையில் மசூலா படகை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துத்தான் கடலில் விட்டார்கள். நாம் கயிற்றுக்குப் பதில் செம்புக் கம்பி போடுகிறோம், அவ்வளவுதான்.

ப்ளைவுட் 6 மி.மீ., எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு. 'ஐஎஸ் 710' முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், அதுதான் படகுக்கான மரைன் ப்ளைவுட். கடைக்காரர் 'இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான் சார்' என்று 'ஐஎஸ் 303' போட்ட பொது உபயோக ப்ளைவுட்டை எடுத்து நீட்டினால் வேண்டாம். இரண்டு ஷீட்டையும் நீளவாக்கில் ஒட்ட, ஓரங்களை 48 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும், அதாவது கனத்தைப்போல எட்டு மடங்கு. இதற்கு இழைப்புளிதான் என் தேர்வு, மெஷின் ஒரு நொடியில் தின்றுவிடும். சீவச் சீவ ப்ளையின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும், கோடுகள் நேராக ஓடினால் சரிவும் சரி.

பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று வெட்டி, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 18 கேஜ் கம்பி கிடைக்கும். கோத்து முறுக்கியதும் இரண்டு முனையிலும் ஒரு ரீப்பரைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் தோணி முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒட்டிவிட்டால் பிறகு திருத்த முடியாது.

சரி, எபாக்ஸி. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை நிறையக் கலந்து வைத்தேன். பத்து நிமிடத்தில் புகை வந்தது, குவளை குழைந்து சாய்ந்தது, உள்ளே கல்லாகிவிட்டது. கலவை தானாகவே சூடாகும், குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதனால் விடியற்காலையில், 100 கிராமாக, அகலமான தட்டில் கலக்குங்கள். விகிதம் டப்பாவில் எழுதியிருக்கும், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் காயாது, பிசுபிசுவென்றே நிற்கும். கையுறை கட்டாயம்.

கம்பிகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒட்டி, காய்ந்ததும் கம்பியை உருவிவிடுங்கள். அப்புறம் சலித்த மரத்தூளை எபாக்ஸியில் வடை மாவுப் பதத்துக்குக் கலந்து, உள்மூலை நெடுக வைத்துக் கரண்டியின் முதுகால் இழுங்கள். அதன் மேல் மூன்று அங்குல கண்ணாடி இழை நாடா. வெளிப்பக்க மூட்டிலும் அதே நாடா. கடைசியில் பெயிண்ட் அடிக்காமல் விடாதீர்கள், வெயில் எபாக்ஸியைக் கெடுத்துவிடும்.

முதல் ஓட்டம் குளத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு. ஆற்றில் மதகுப் பக்கம் போகவே கூடாது.

பின்சேர்க்கை: முத்துப்பேட்டை நண்பர் ஒருவர், காலையில் பார்த்தால் மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் படலம், அடுத்த பூச்சு ஒட்டவில்லை என்றார். காற்றின் ஈரத்தால் வருவது அது. முதலில் உப்புத்தாள் போட்டால் படலத்தை இன்னும் தேய்த்துப் பரப்பிவிடுவீர்கள். வெறும் தண்ணீரில் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு உப்புத்தாள். அவருக்கு அடுத்த பூச்சு பிடித்துக்கொண்டது.