இடப்பெயர்வுப் போலிச்சமச்சீர் உள்ள புரதப் படிகத்தைச் செம்மையாக்கும் முறை

படிகத்தின் சமச்சீரற்ற அலகுக்குள் (சமச்சீர்ச் செயல்களால் திரும்பத் திரும்ப வைத்து முழுப் படிகத்தையும் உருவாக்கக்கூடிய மிகச் சிறிய பகுதி) ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகள் ஏறத்தாழ ஒரே திசையமைவில், ஒன்றை நகர்த்தி மற்றொன்றாக வைத்ததுபோல் அமைந்திருப்பதே இடப்பெயர்வுப் போலிச்சமச்சீர். அப்போது அவற்றிலிருந்து சிதறும் எக்ஸ்-கதிர் அலைகள் சில எதிரொளிப்புகளில் (படத்தில் புள்ளிகளாகப் பதிபவை) வலுத்தும் சிலவற்றில் ஒன்றையொன்று அழித்தும் விடுகின்றன. பிரதிகள் முற்றிலும் ஒத்தவையாக இருந்து, நகர்வும் ஏ அச்சில் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) நீளத்தில் துல்லியமாகப் பாதியாக இருந்தால், அவ்வச்சுக்குரிய எதிரொளிப்பு எண்ணான எச் ஒற்றைப்படையான எதிரொளிப்புகள் அடியோடு மறைந்து, அலகுக்கூடே பாதியாகச் சுருங்கிவிடும். நகர்வு பாதிக்கு அருகில் மட்டும் இருக்கும்போது அவை மங்கலாக எஞ்சுகின்றன. பிரதிகள் எங்கே வேறுபடுகின்றன என்ற செய்தியைப் பெரிதும் சுமப்பவை இந்த மங்கல் எதிரொளிப்புகளே என்பதால், அவற்றைக் காப்பாற்றுவதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

எனவே விளிம்பு விளைவுப் படங்களைக் கண்ணால் பார்த்து, வலுவான புள்ளி வரிசைகளுக்கு இடையே மெல்லிய வரிசைகள் உள்ளனவா என்று உறுதிசெய்யுங்கள். தானியங்கி நிரல்கள் வலுவானவற்றை மட்டும் எண்ணிச் சிறிய கூட்டைத் தேர்ந்துவிடுவதுண்டு. பிறகு ஏறத்தாழ 10 முதல் 5 ஆங்ஸ்ட்ராம் வரையிலான தரவைக் கொண்டு பேட்டர்சன் வரைபடம் (அணுக்களுக்கிடையிலான திசையன்களைக் காட்டுவது) கணக்கிட்டால், மூலப்புள்ளி உச்சத்தின் உயரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டும் வேறோர் உச்சம் போலிச்சமச்சீரைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்ட்ரியேஜ் நிரல் இதைத் தானே செய்து தருகிறது.

நகர்வு பாதியிலிருந்து சற்று விலகினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். நகர்வு கூட்டின் நீளத்தில் 0.52 பங்கு என்று கொண்டால், எச் சிறியதாக உள்ளவரை ஒற்றைப்படை எதிரொளிப்புகள் மங்கலாக இருக்கும். எச் 25-ஐ நெருங்கும்போது நிலைமை தலைகீழாகி, இரட்டைப்படை எதிரொளிப்புகள் மங்கிவிடும். ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் போதும் என்ற எண்ணம் இங்கேயே பொய்க்கிறது.

இரட்டைப்படிகச் சோதனையிலும், அதாவது திசை மாறிய பகுதிகள் ஒன்றாக வளர்ந்து எதிரொளிப்புகள் ஒன்றன்மீது ஒன்று விழுகின்றனவா என்று பார்ப்பதிலும், எச்சரிக்கை தேவை. இரட்டிப்பில்லாத படிகத்தில் மையச்சமச்சீரற்ற செறிவுகளின் இரண்டாம் திருப்பம் (செறிவு வர்க்கத்தின் சராசரியைச் சராசரிச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தது) 2 ஆகவும், முழு இரட்டிப்பில் 1.5 ஆகவும் இருக்க வேண்டும். போலிச்சமச்சீர் இம்மதிப்பை உயர்த்துவதால், இரண்டும் சேர்ந்திருக்கும் படிகம் குறையற்றதுபோல் தோன்றும். அருகிலுள்ள எதிரொளிப்புகளை ஒப்பிடும் எல் சோதனை, ஒப்பிடும் இணையை நகர்வு திசையனுக்கு ஏற்பத் தேர்ந்தால், இங்கு அதிக நம்பகமானது.

மிகுந்த நேரத்தை விழுங்குவது இடக்குழுவையும் (படிகத்தின் சமச்சீர்களின் தொகுப்பு) அச்சமச்சீர்களுக்கு ஏற்ற மூலப்புள்ளியையும் தீர்மானிப்பதுதான். பாதி நகர்வு ஒன்று இருமடி அச்சுக்கு இணையாக அமைந்தால், அந்த அச்சு சாதாரணமானதா திருகு அச்சா (சுழற்சியோடு நகர்வும் சேர்ந்தது) என்பதே மயங்கிவிடும். தவறான மூலப்புள்ளியில் மாதிரியை வைத்தாலும் வலுவான எதிரொளிப்புகள் பொருந்துவதால் அடர்த்தி வரைபடம் அழகாகவே தெரியும். மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள முரண்பாட்டை அளக்கும் ஆர் மதிப்பு மட்டும் ஓரிடத்தில் நின்று இறங்க மறுக்கும். அந்த அழகை நம்பி வாரக்கணக்கில் பக்கச்சங்கிலிகளைத் திருத்துவது வீண். மாதிரியை, நகர்வைத் தவிர வேறு சமச்சீர் எதையும் விதிக்காத பீ1 இடக்குழுவுக்கு விரித்துச் செம்மையாக்கி, எந்தச் சமச்சீர்கள் உண்மையில் நிலைக்கின்றன என்று சோதிக்கும் சனூடா நிரலை முதலிலேயே ஓட்டுங்கள். மூலக்கூறு பதிலீட்டுக்கு (தெரிந்த ஒத்த அமைப்பைத் தொடக்க மாதிரியாக வைப்பது) ஃபேசர் நிரலைப் பயன்படுத்தினால், அது நகர்வையும் பிரதிகளுக்கிடையிலான சிறு சுழற்சியையும் கணக்கில் கொள்கிறது.

மாதிரியைத் தரவுக்குப் பொருந்தச் செம்மையாக்கும்போது பிரதிகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடாதீர்கள். வேறுபாடுகளை அனுமதிக்கும் தளர்ந்த கட்டுப்பாடுகளே பொருத்தமானவை. மங்கல் எதிரொளிப்புகளில் அளவீட்டுப் பிழையின் பங்கு பெரிது என்பதால் மொத்த ஆர் மதிப்பு வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும்; அதைக் குறைப்பதற்காக அவற்றை வெட்டி எறிவது, எண்ணை அழகாக்கி மாதிரியைக் கெடுப்பதாகும். வலுவானவற்றுக்கும் மங்கலானவற்றுக்கும் ஆர் மதிப்பைத் தனித்தனியே கணக்கிட்டால், எந்தத் திருத்தம் உண்மையானது என்பது மங்கல் வகுப்பில்தான் தெரியவரும். இடக்குழுவை மாற்ற நேர்ந்தால், செம்மையாக்கலில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கிய எதிரொளிப்புகளின் குறிகளையும் உடன் கொண்டுசென்று, முன்பு சமச்சீரால் இணைந்திருந்தவை ஒரே குறியைப் பெறுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அந்த ஒதுக்கிய எதிரொளிப்புகளுக்கான ஆர்-ஃப்ரீ மதிப்பு காரணமின்றி இறங்கும்.