மறுஆய்வுத் தாமதத்தை எங்கிருந்து கணக்கிடுவது?

கோட் ரிவியூ (ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும் மறுஆய்வு) வசதியை மேம்படுத்தும் புராடக்ட் மேனேஜர்கள், முதல் கருத்து வர ஆகும் நேரத்தைப் புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) திறக்கப்பட்ட கணத்திலிருந்து அல்லாமல், ‘ரெடி ஃபார் ரிவியூ’ என்று குறிக்கப்பட்ட கணத்திலிருந்து கணக்கிட வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2019இல் கொண்டுவந்த டிராஃப்ட் (வேலை முடியாத வரைவு) நிலை நீடிக்கும்வரை, அந்த நிரல் பகுதிக்குப் பொறுப்பான கோட் ஓனர்களுக்கு மறுஆய்வுக் கோரிக்கை தானாகச் செல்வதில்லை என்பதால், திறந்த கணத்திலிருந்து கணக்கிட்டால், திங்களன்று டிராஃப்டாகத் திறந்து வியாழனன்று வேலையை முடித்தவரின் மூன்று நாள் உழைப்பும் மறுஆய்வாளரின் தாமதமாகப் பதிவாகிவிடும். அந்தப் பிழைக்கணக்கை நம்பி, யாருக்கும் தேவைப்படாத நினைவூட்டல் வசதியை உருவாக்கப் பல வாரங்கள் செலவாகும். பாட்கள் (தானியங்கி நிரல்கள்) சில நொடிகளிலேயே இடும் கருத்துகளையும் நீக்கிவிடுங்கள் (பலர் மறப்பது இதைத்தான்). டிராஃப்ட் வழக்கமே இல்லாத குழுக்களில் இரண்டு கணக்கும் ஒன்றுதான். வாரத்திற்குப் பத்துப் புல் ரிக்வெஸ்ட் மட்டுமே வருமிடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதே மேல்.