கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்: புல்வெட்டி இன்ஜினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரில்தான். அதைக் கொஞ்சம் விட்டுவைத்து, வண்டி என்ன செய்கிறது என்று முதலில் கவனியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? பிரேக் மிதி முழுக்க அழுந்தியிருக்கிறதா, பிளேடு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் பாதுகாப்பு சுவிட்சுகள் ஸ்டார்ட்டரை இயங்க விடாது. தொல்லை என்று சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சை வயர் போட்டு இணைத்து, வேலை செய்யாமல் ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிளேடை நிறுத்த இருப்பதே அதுதான்.

'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். முனைகளில் உப்புப் பூத்திருந்தால் புது பேட்டரி வாங்குவதற்கு முன் அதைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலை இருக்கிறது. ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நிற்கும். பேட்டரி மாற்றுவார்கள், ஸ்டார்ட்டர் மாற்றுவார்கள், அப்புறமும் அதே கதைதான். ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில், ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் ஒரு வால்வு துளி திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அதிகமாகிவிட்டால் அந்தத் துளித் திறப்பு நடக்காது. பிஸ்டன் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வால்வு மூடியைக் கழற்றி, மேனுவலில் உள்ள அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்தால் போதும். காசு செலவே இல்லை.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலைச் சந்தேகப்படலாம். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைக்கும்; எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுக்கும். அதன் மேலேயே புது பெட்ரோலை ஊற்றாதீர்கள். பழையதை முழுக்க வடித்துவிடுங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, தானாக நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்புகிறதா? அடுத்த முறை நின்றதும் இன்ஜின் ஆறட்டும், பிறகு டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது; அதனால்தான் பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றது. இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வேகம் ஏறி ஏறி இறங்கினால், இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் ஸ்பிரிங்கை வளைக்காதீர்கள். பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெல்லிய துளையான ஜெட்டில் அடைப்பு, இல்லையென்றால் எங்கோ காற்றுக் கசிவு. வளைத்த ஸ்பிரிங்கால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே உடையலாம்.

ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவதும் தவறுதான். புகை கக்கும், ஏர் ஃபில்டர் நனைந்துபோகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் உள்ள மேல் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். பிளேடைக் கையால் திருப்பினால்கூட சில வண்டிகளில் இன்ஜின் சேர்ந்து சுற்றும்.