"ஓ.எஸ். மட்டும்தானே" என்று வாங்கும் எஸ்.எஸ்.டி.

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பளபளக்கும் எஸ்.எஸ்.டி. (தரவைச் சில்லுகளில் வைக்கும் ட்ரைவ்) பெட்டி, அதில் பெரிய எழுத்தில் செக்கனுக்கு 3500 மெகாபைட். "சேர், புது சேர்வருக்கு ஓ.எஸ். போட ரெண்டு எடுத்திட்டன். மிரர் பண்ணப் போறன். சரிதானே?"

சரியில்லை. அவன் எடுத்தது மேசைக் கணினிக்கான எஸ்.எஸ்.டி. சேர்வரின் பூட் ட்ரைவுக்கு, அதாவது ஓ.எஸ். (இயங்குதளம்) இருந்து எழும்பும் ட்ரைவுக்கு, அது ஆகாது. இதே பிழையை நான் விட்டுப் பட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். போலிச் சரக்கு, பாவித்ததைப் புதிதென்று விற்பது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் யாருக்கும் விளங்கும். இது பட்டும் பலருக்கு விளங்காத பிழை.

கொள்ளளவி இல்லாத ட்ரைவ்

2022. நாள் தவறாமல் மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கல்லடிப் பாலத்துக்கு அங்கால ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அவர்களின் கணக்கு, பில் எல்லாம் ஒரே சேர்வரில். அதற்கு பூட் ட்ரைவாக நான் போட்டது மேசைக் கணினிக்கான இரண்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., மிரர் பண்ணி (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்). டேட்டாவுக்கு நல்ல ட்ரைவ் வாங்கிவிட்டோம், ஓ.எஸ்.ஸுக்கு ஏன் காசைக் கொட்டுவான் என்று நினைத்தேன்.

ஒருநாள் விடிய ஆறு மணிக்குக் காவலாளி அழைத்தார். "தம்பி, கரண்ட் வந்திட்டு, ஆனா உங்கட மெஷின் எழும்புதில்ல." போய்ப் பார்த்தால் பயோஸில் (ஓ.எஸ்.ஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) ஒரு ட்ரைவ் தெரியவே இல்லை. மற்றது தெரிந்தது, ஆனால் பிராண்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கொன்ட்ரோலரின் உள்பெயர், கொள்ளளவு பூச்சியம். டேட்டா ட்ரைவ்கள் நான்கும் கல்லுப்போல இருந்தன. மாதக் கடைசி, சம்பள நாள். அன்று இரவு வரை நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

நடந்தது இதுதான். எஸ்.எஸ்.டி.க்குள் எந்தத் தரவு எந்தச் சில்லில் எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை உண்டு. ட்ரைவ் வேலை செய்யும்போது அதன் புதிய பகுதி தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், பிறகுதான் சில்லில் எழுதப்படும். எழுதும் நடுவில் மின் போனால் அட்டவணை குழம்பலாம். காணி அங்கேயே கிடக்கும், உறுதி தொலைந்துவிடும். அப்புறம் அது யாருடைய காணி?

சேர்வருக்கென்று செய்த ட்ரைவில் இதற்காகவே பலகையில் சின்னக் கொள்ளளவிகள் (மின்னைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றர்கள்) வரிசையாக நிற்கும். மின் போனதும் அவற்றில் தேங்கியிருக்கும் சக்தியைக் கொண்டு, கையில் உள்ளதை எழுதி முடித்துவிட்டுத்தான் ட்ரைவ் கண்ணை மூடும். டேட்டாஷீட்டில் இதைப் பவர் லொஸ் புரொடெக்ஷன் என்பார்கள். கவனம்: சில மேசைக் கணினி ட்ரைவ்களிலும் அதே சொல் இருக்கும். ஏற்கனவே எழுதி முடிந்த தரவு கெடாது என்பதுதான் அங்கே அர்த்தம், நடுவழியில் இருந்ததற்குப் பொறுப்பில்லை. கொள்ளளவி இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

"பூட் ட்ரைவில் என்ன எழுதப்படுகிறது?" என்று கேட்பார்கள். ஒரே சேர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸைக் கேளுங்கள். லொக், பாவனை கிராப்புக்கான தரவு, கிளஸ்டர் (சேர்வர் கூட்டம்) அமைப்பு என்று அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். மின் எந்த நொடியில் போனாலும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும். இன்னொன்று: "எழுதிவிட்டாயா?" என்று ஓ.எஸ். உறுதி கேட்கும்போது, கொள்ளளவி உள்ள ட்ரைவ் தன் நினைவகத்தை நம்பி உடனே ஆம் என்று சொல்லும். இல்லாதது சில்லில் எழுதி முடித்த பிறகுதான் சொல்லும். அந்த இடத்தில் பெட்டியிலுள்ள 3500 எங்கே போகிறதென்று தெரியாது.

மிரரும் காப்பாற்றாது. மின் இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் போகிறது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதை நினைத்துத்தான். இரண்டு போட்டுவிட்டேன் என்ற தைரியத்தில் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

"யு.பி.எஸ். இருக்குத்தானே"

அந்த இடத்திலும் இருந்தது. பற்றரிக்கு நாலு வயது. ஜெனரேற்றர் எழும்பும்வரை தாங்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்கும். மின் சொல்லிவிட்டுப் போவதில்லை. என்.வி.எம்.இ. (வேகமான இணைப்பு வகை) ட்ரைவ் என்றால், அது தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் முறையில்லாமல் நின்ற தடவைகளின் எண்ணிக்கை இருக்கும். யு.பி.எஸ். உள்ள உங்கள் சேர்வரிலேயே அதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஒரே நாளில் வாங்கிய சோடி

மிரரில் இரண்டும் ஒரே அளவு எழுதும், ஒரே வேகத்தில் தேயும். பேர்ம்வெயாரில் (ட்ரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளில்) பிழை இருந்தால் இன்னும் மோசம். 2019 நவம்பரில் சேர்வர் நிறுவனமான எச்.பி.இ. ஓர் அறிவித்தல் விட்டது: சில எஸ்.ஏ.எஸ். (சேர்வர் இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் செத்துவிடும், தரவும் திரும்பாது, பேர்ம்வெயாரை மாற்றுங்கள் என்று. 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். ஒன்றாக ஓடத் தொடங்கிய சோடி ஒன்றாகவே போகும். வேறு வேறு தயாரிப்பாளரிடம் ஒவ்வொன்று வாங்கினால் நல்லது. முடியாவிட்டால் பேர்ம்வெயாரையாவது பாருங்கள்.

தேவையில்லாத எழுத்து ஆயுள்

480 ஜி.பி. ட்ரைவை நாளுக்கு ஒருமுறை முழுதாக எழுதலாம் என்றால், 5 வருடத்தில் 876 டெராபைட். பூட் ட்ரைவ் நாளுக்கு 30 ஜி.பி. எழுதினாலும் அதே காலத்தில் 55 டெராபைட்தான் வரும். மூன்று மடங்கு ஆயுள் உள்ளதற்குக் கொடுக்கும் காசில் யு.பி.எஸ். பற்றரி மாற்றலாம்.

யு.எஸ்.பி. குச்சி, எஸ்.டி. கார்ட்

வேண்டாம்.

அலுமாரியில் வைத்த பழைய ட்ரைவ்

கழற்றிய பூட் ட்ரைவை "பெக்கப்" என்று எழுதி அலுமாரியில் வைக்கிறார்கள். சில்லுத் துறைக்கு நியமம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, தன் எழுத்து ஆயுளை முடித்த சேர்வர் எஸ்.எஸ்.டி. 40 பாகை செல்சியஸில் மின் இல்லாமல் தரவைக் காக்க வேண்டிய காலம் 3 மாதம்தான். புதிய ட்ரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் மட்டக்களப்பில் சித்திரை மாதத்துப் பூட்டிய அறையில், தேய்ந்துபோன ஒன்றை நம்பி நான் எதையும் வைக்கமாட்டேன்.

நீளம்

கொள்ளளவிக்கு இடம் வேண்டும் என்பதால் சேர்வர் எம்.2 ட்ரைவ்கள் (பலகையில் நேரே செருகும் மெல்லியவை) பல 110 மி.மீ. நீளம். பல பலகைகளில் திருகாணி இடம் 80உடன் முடிந்துவிடும். 80இலும் கொள்ளளவியோடு உண்டு, கிங்ஸ்டன் டி.சி.1000பி போல, தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தம்பியிடம் அளக்கச் சொன்னேன். தங்கச்சியின் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பலகையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். எட்டு சென்ரிமீற்றர். பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கிறாராம், கழிவு போக.